"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது": லூக்கா நற்செய்தியின் நான்கு காட்சிகள் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிறிய வேதபாடக் கூட்டம் நடக்கிறது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையிலிருந்தும் வருவார்கள். லூக்கா நற்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, கூட்டத்தில் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். வேறு மொழிபெயர்ப்பு என்று சொல்லாத இடங்களில், வசனங்கள் நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

நாலு இடம், நாலு இடம்னு சொல்றீங்களே, அது எது எது?

"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு சொல்வது லூக்காவில் நான்கு தடவை வருகிறது. 7:50-ல் பரிசேயன் சீமோன் வீட்டு விருந்தில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணிடம் சொல்கிறார். 8:48-ல் பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் (நிற்காத உதிரப்போக்கு) கஷ்டப்பட்டு, கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட பெண்ணிடம். 17:19-ல் சுத்தமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்த ஒரே ஒருவனான சமாரியனிடம். 18:42-ல் எரிகோவுக்குப் பக்கத்தில் வழியோரம் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த குருடனிடம். இவனுக்கு மாற்கு பர்திமேயு என்று பெயரும் தருகிறார்.

கிரேக்க மூலத்தில் நான்கு இடத்திலும் வாக்கியம் எழுத்து மாறாமல் ஒன்றுதான். பெரும்பாடுள்ள பெண்ணும் எரிகோ குருடனும் மற்ற நற்செய்திகளிலும் வருகிறார்கள். மற்ற இரண்டு இடங்கள் லூக்காவில் மட்டுமே உண்டு.

எங்க பைபிள்ல "இரட்சித்தது"னு இருக்கு, கத்தோலிக்க பைபிள்ல "நலமாக்கிற்று"னு இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. "சோசோ" என்ற கிரேக்க வினைச்சொல்லுக்கு ஆபத்திலிருந்து காப்பாற்றுவது, நோயைக் குணமாக்குவது, பாவத்திலிருந்து மீட்பது என்று எல்லா அர்த்தமும் உண்டு. நாம் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறோம். லூக்காவின் மொழியில் இவை ஒரே சொல்லுக்குள் இருந்தன.

1871-ல் முடிந்த பழைய மொழிபெயர்ப்பு நான்கு இடத்திலும் "இரட்சித்தது" என்று ஒரே சொல்லை வைத்தது. கத்தோலிக்கர் கையில் இருக்கும், 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு, பாவியான பெண்ணிடம் "மீட்டது" என்றும் நோயாளிகளிடம் குணம், நலம் என்ற சொற்களாலும் பிரித்துச் சொல்கிறது. பொது மொழிபெயர்ப்பில் படித்தால் ஒவ்வொரு கதையும் தெளிவாகப் புரியும். ஆனால் நான்கு கதைகளையும் லூக்கா ஒரே நூலில் கோத்திருக்கிறார் என்பது பழைய மொழிபெயர்ப்பில்தான் கண்ணில் படும். இந்த ஒரு விஷயத்தில் என் மனசு பழையதன் பக்கம்தான்.

விசுவாசம், நம்பிக்கை ரெண்டும் ஒண்ணுதானே?

எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1 கொரிந்தியர் 13:13-ஐ பழைய மொழிபெயர்ப்பு "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. பொது மொழிபெயர்ப்பு "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்கிறது. ஒருவர் "நம்பிக்கை" என்று சொல்வது இன்னொருவருக்கு வேறொன்று. எங்கள் கூட்டத்தில் பாதி வாக்குவாதம் இதனால்தான் வந்தது.

பேச்சுத் தமிழில் விசுவாசம் என்றால் நமக்கு முதலில் தோன்றுவது உப்பிட்டவனை மறக்காத குணம். வீட்டு நாய்க்குக்கூட அந்தச் சொல்லைச் சொல்கிறோம். இதை விலக்க வேண்டாம். "பிஸ்டிஸ்" என்ற கிரேக்கச் சொல்லிலும் ஒருவரை நம்பிச் சார்வது, அவருக்கு உண்மையாக இருப்பது இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு கொள்கைப் பட்டியலை மனசால் ஒத்துக்கொள்வது மட்டும் விசுவாசம் என்று நினைத்தால்தான் இந்த நான்கு கதைகளும் புரியாமல் போகும்.

விசுவாசம்னா துளிகூட சந்தேகம் வரக்கூடாதா? எனக்கு அப்படி இருக்கவே முடியலை, சிஸ்டர்.

நான்கு பேரையும் பாருங்கள். சீமோன் வீட்டுப் பெண் அந்தக் கதை முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை, அழுகிறாள். பெரும்பாடுள்ள பெண் பின்னால் வந்து திருட்டுத்தனமாகத் தொடுகிறாள், பிடிபட்டதும் நடுங்குகிறாள். குருடன் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறான். சமாரியன் வழியில் திரும்பி ஓடி வருகிறான். "உனக்கு எவ்வளவு உறுதி இருக்கிறது?" என்று இயேசு இவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அவரை நோக்கி வந்தார்கள். மூன்று பேர் யாரோ போட்ட கோட்டைத் தாண்டி வந்தார்கள். விருந்து வீட்டின் முகச்சுளிப்பு, தீட்டுச் சட்டம், "பேசாதிரு" என்று அதட்டிய கூட்டம். நாலாமவன் எல்லோரும் போன வழியை விட்டுத் திரும்பினான். மனசுக்குள் உறுதி எத்தனை பங்கு, சந்தேகம் எத்தனை பங்கு என்று யாராலும் அளக்க முடியாது. கால் எந்தப் பக்கம் போனது என்று பார்க்கலாம்.

சீஷர்கள் "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று கேட்டபோதும் (லூக்கா 17:5) அவர் காட்டியது கடுகு விதையைத்தான், அவ்வளவு சிறியது போதும் என்று. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன் கண்ணீரோடு கத்துகிறார். இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்தப் பிள்ளை குணமானான்.

சீமோன் வீட்டுக்கு வந்தவங்க மகதலேனா மரியாள்தானே?

இல்லை. லூக்கா அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவே இல்லை. மகதலேனா மரியாளை அடுத்த அதிகாரத்தில் (8:2) புதிதாக அறிமுகப்படுத்துகிறார், ஏழு பிசாசுகள் நீங்கினவள் என்று. விபசாரம் என்ற பேச்சே அங்கே கிடையாது. 591-ல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் இருவரையும் ஒருவராக்கிப் பேசினார். அது மேற்கத்திய சபையில் அப்படியே நிலைத்துவிட்டது. உயிர்த்த இயேசுவை முதலில் கண்ட பெண்ணின் பெயரில் ஆயிரத்துக்கும் மேலான வருஷங்கள் வராத பழி கிடந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

"இவள் மிகவும் அன்புகூர்ந்தாளே"னு இருக்கே. அப்போ அன்பு காட்டினதால மன்னிப்பா, மன்னிப்பு கிடைச்சதால அன்பா?

7:47-ன் முதல் பாதியை மட்டும் படித்தால், அழுததற்குக் கூலியாக மன்னிப்பு கிடைத்தது போலத் தெரியும். இரண்டாம் பாதியையும் படியுங்கள்: "எவனுக்குக் கொஞ்சம் மன்னிக்கப்படுகிறதோ, அவன் கொஞ்சமாய் அன்புகூருவான்." இங்கே மன்னிப்பு முன்னால், அன்பு பின்னால்.

அதற்கு முன் இயேசு சீமோனுக்குச் சொன்ன குட்டிக்கதையும் அதேதான். ஒருவனிடம் இரண்டு பேர் கடன்பட்டிருந்தார்கள், ஒருவன் ஐந்நூறு தெனாரியம், இன்னொருவன் ஐம்பது. ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஐம்பது என்றால் இரண்டு மாத உழைப்பு, ஐந்நூறு என்றால் ஒன்றரை வருஷத்துக்கும் மேல். இரண்டு பேரிடமும் கட்டப் பணமில்லை, இரண்டு பேருக்கும் தள்ளுபடி. யார் அதிகம் அன்பாயிருப்பான்? கடன் தள்ளுபடி ஆகும் முன்பே கடன்காரர்கள் அன்பு காட்டியதாகக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. அப்படியானால் "இவள் மிகவும் அன்புகூர்ந்தாளே" என்பது அடையாளம். அடுப்படியில் புகை வருகிறதே, நெருப்பு பற்றிவிட்டது என்று சொல்வதுபோல. புகை நெருப்பை உண்டாக்கவில்லை.

இயேசு கடைசியில் அந்தப் பெண்ணிடம் சொல்வதையும் கவனியுங்கள். "உன் அன்பு உன்னை இரட்சித்தது" என்று அவர் சொல்லவில்லை. அத்தனை கண்ணீரையும் பரிமளதைலத்தையும் பார்த்துவிட்டும் "உன் விசுவாசம்" என்றுதான் சொல்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் அதிகம் உறுத்துவது சீமோன்தான். கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. அவர் கெட்டவர் அல்ல. தனக்குப் பெரிய கடன் எதுவும் இல்லை என்று நினைத்த மனிதர். ஐம்பது தெனாரியக்காரனிடமும் "கொடுக்க நிர்வாகமில்லை" (கட்ட வழியில்லை) என்ற வரி அவர் காதில் விழுந்ததா என்று லூக்கா சொல்லாமலே விடுகிறார்.

அப்போ நல்ல காரியம் எதுவும் செய்ய வேண்டாமா? யாக்கோபு வேற மாதிரி எழுதியிருக்காரே?

மனுஷன் "விசுவாசத்தினாலே மாத்திரமல்ல", கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்வது உண்மை. ஆனால் அவர் சொல்லும் வெறும் விசுவாசம் எது? பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று ஐந்து வசனம் முன்னால் அவரே சொல்கிறார். தெரிந்துகொண்டு சும்மா இருப்பதை அவர் கண்டிக்கிறார். நம் நான்கு பேரில் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. பவுலும் கலாத்தியர் 5:6-ல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே" உதவும் என்கிறார். புகையும் நெருப்பும் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

இதற்காகச் சபைகள் நானூறு வருஷத்துக்கும் மேல் பிரிந்து நின்றன. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் இல்லாமல் கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபை நம்மை நற்செயலுக்கு எழுப்புகிறது என்று சேர்ந்து சொன்னார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நம் ஊர்த் தெருவில் இன்னும் இந்த விஷயத்தில் சண்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பெரும்பாடுள்ள அந்தம்மா மறைஞ்சு வந்து சுகமாகிட்டாங்க. அவங்களை ஏன் எல்லார் முன்னாலயும் நிறுத்தணும்? அவமானம் இல்லையா?

பெண்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நானும் பல வருஷம் கேட்டேன்.

லேவியராகமம் 15:25-லிருந்து பாருங்கள். உதிரம் நிற்காத நாளெல்லாம் அவள் தீட்டு. அவள் படுத்த படுக்கை தீட்டு, உட்கார்ந்த இடம் தீட்டு, அதைத் தொட்டவரும் சாயங்காலம் வரை தீட்டு. பன்னிரண்டு வருஷம். வீட்டுக்குத் தூரமான நாட்களில் தட்டும் டம்ளரும் தனியாக வைத்து, மூன்று நாள் திண்ணையில் இருந்த பாட்டிமார் கதை நமக்குத் தெரியும். இவள் கதையில் அந்த மூன்று நாள் முடியவே இல்லை.

உதிரம் நின்றது 8:44-ல், தொட்ட அந்த நொடியே. "இரட்சித்தது" என்ற சொல் வருவதோ 8:48-ல். நடுவில்தான் "என்னைத் தொட்டது யார்?" என்ற கேள்வி. அவள் அப்படியே நழுவிப் போயிருந்தால் உடம்பு சுகமாகியிருக்கும், ஆனால் ஊர் நம்பியிருக்காது. "எனக்கு நின்றுவிட்டது" என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? திருடிக்கொண்டு வந்தேனோ என்ற பயமும் சாகும் வரை இருந்திருக்கும். எல்லார் முன்னாலும் அவள் தன் கதையைச் சொன்னபோது, அவள் தொட்டதால் நான் தீட்டாகிவிட்டேன் என்று இயேசு சொல்லவில்லை. "மகளே" என்றார். நற்செய்திகளில் அவர் ஒரு பெண்ணை இப்படி "மகளே" என்று அழைப்பது இவளை மட்டும்தான்.

பக்கத்தில் யார் நிற்கிறார் என்றும் பாருங்கள். ஜெபஆலயத் தலைவன் யவீரு. அவருடைய பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள், ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு நெருப்பு. இந்தப் பெண் நோயில் விழுந்த வருஷத்தில் பிறந்த பிள்ளை அது. இயேசு நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை இறந்த செய்தி வருகிறது. உடனே யவீருவிடம், "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு, அப்பொழுது அவள் இரட்சிக்கப்படுவாள்" என்கிறார். அதே சொல். அந்தப் பெண்ணைக் கூட்டத்தில் நிறுத்தியிருக்காவிட்டால், இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடக்க யவீருவுக்கு எதிரே ஒரு சாட்சி இருந்திருக்காது.

எவ்வளவோ ஜெபிச்சும் சுகம் கிடைக்கலை. எனக்கு விசுவாசம் குறைவுன்னு சொல்றாங்க. நிஜமா?

இல்லை. இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்குப் பத்தொன்பது வயதில் அம்மா எட்டு மாதம் படுக்கையில் இருந்தார்கள். ஜெபிக்க வந்த ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்று, "இந்த வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பிறகு மூன்று வாரம்தான் இருந்தார்கள். அந்த "யாரோ" நான்தான் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் நற்செய்தியை அந்தக் கேள்வியோடு படித்தேன். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று சுகமானவர்களிடம் இயேசு சொல்கிறார். சுகமாகாத எந்த நோயாளியிடமும் "உன் அவிசுவாசம் உன்னைக் கெடுத்தது" என்று அவர் சொன்ன இடம் ஒன்றுகூட இல்லை. விசுவாசம் என்ற பேச்சே இல்லாமலும் சுகம் தந்திருக்கிறார். நாயீன் ஊர் விதவை எதுவும் கேட்கவில்லை. "அழாதே" என்று சொல்லி மகனை எழுப்பிக் கொடுத்தார். தன்னைப் பிடிக்க வந்தவனின் அறுபட்ட காதையும் தொட்டுச் சுகமாக்கினார். பெதஸ்தா குளத்தருகே கிடந்த, முப்பத்தெட்டு வருஷமாக வியாதியாயிருந்தவனுக்குத் தன்னைச் சுகமாக்கியவர் யார் என்றே தெரியாது.

மறுபக்கமும் உண்டு. பவுல் தன் உடம்பில் இருந்த "முள்" (அவரை வாட்டிய ஒரு பலவீனம்) நீங்க மூன்று தரம் வேண்டினார். கிடைத்தது "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில், முள் நீங்கவில்லை. அவருடைய உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம். இன்னொரு உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார், அவனுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல். யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால், அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

என் விசுவாசத்தால என் வீட்டுக்காரர் இரட்சிக்கப்படுவாரா?

அப்போஸ்தலர் 16:31 நம் வீடுகளில் காலண்டரில் தொங்கும் வசனம்: "நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்." பவுலும் சீலாவும் தங்களைக் காவல் காத்த சிறைச்சாலைக்காரனிடம் சொன்னது இது. அடுத்த வசனங்களையும் படியுங்கள். வீட்டார் எல்லோருக்கும் வசனம் சொல்லப்பட்டது, வீட்டார் எல்லோரும் சேர்ந்து மகிழ்ந்தார்கள். சிறைச்சாலைக்காரனின் விசுவாசம் கதவைத் திறந்தது, உள்ளே வந்தவர்கள் தாங்களே வந்தார்கள்.

ஆனாலும் ஒருவருக்காக இன்னொருவர் நிற்பது வீண் அல்ல. லூக்கா 5:20-ல் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கியவர்களின் விசுவாசத்தைக் கண்டு இயேசு பேசுகிறார். "அவர்களுடைய" என்று பன்மையில் இருக்கிறது. உங்கள் வேலை கட்டிலைச் சுமப்பது. அவர் எழுந்து நடப்பது உங்கள் கையில் இல்லை, அதற்காக உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம், அக்கா.

எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்கன்னு கேட்கிறாங்க. எனக்குத் தேதி இல்லை. அப்போ நான் இரட்சிக்கப்படலையா?

தேதி உள்ளவர்கள் உண்டு. சகேயுவிடம் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார், லூக்கா 19-ல். தேதி இல்லாதவர்களும் உண்டு. நிக்கொதேமு யோவான் 3-ல் ராத்திரியில் வந்து குழம்பிப் போகிறார். 7-ல் சங்கத்தில் பாதி வாய் திறக்கிறார். 19-ல் ஏறக்குறைய நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தோடு சிலுவையிலிருந்து இறக்கிய உடலை அடக்கம் செய்ய வருகிறார். எந்த நாளில் விசுவாசித்தார் என்று யோவான் எழுதவில்லை.

பவுல் மூன்று காலத்திலும் பேசுகிறார். கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8), இரட்சிக்கப்படுகிற நமக்கு (1 கொரிந்தியர் 1:18), இனி இரட்சிக்கப்படுவோம் (ரோமர் 5:9). நம் நான்கு கதைகளிலும் "இரட்சித்தது" என்பது கிரேக்கத்தில் முடிந்து, பலன் இன்னும் நிற்கிற வினை. பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! உயிரோடு இருக்கிறார்களா என்று அவர்களிடம் சான்றிதழ் கேட்கிறோமா?

இயேசுவோட சிலுவையில தொங்கின கள்ளன் கடைசி நிமிஷத்துல கேட்டான், கிடைச்சிருச்சு. நாங்க வாழ்நாள் பூரா கஷ்டப்படுறோமே?

ஐந்நூறு தெனாரியம், ஐம்பது தெனாரியம் என்று மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள். இந்தக் கேள்வி சீமோனின் நாற்காலியிலிருந்து வருகிறது. என் வாயிலிருந்தும் வந்திருக்கிறது.

சரி, அந்த ஒன்பது பேர்? ஆசாரியர்கிட்ட போங்கன்னு சொன்னதே இயேசுதானே. சொன்னதைச் செய்தவங்க எப்படித் தப்பாவாங்க?

அவர்கள் செய்ததைத் தப்பு என்று லூக்கா எங்கேயும் எழுதவில்லை. லேவியராகமம் 14-ன்படி ஆசாரியன் பார்த்துச் சொன்னால்தான் ஊருக்குள் வரலாம். அவர்கள் சுகமாகும் முன்பே கிளம்பினார்கள். கிளம்பியதே விசுவாசம்தான் என்று நான் நினைக்கிறேன். அவர்களுடைய சுகத்தை யாரும் திரும்ப வாங்கவும் இல்லை.

லூக்கா மூன்று வெவ்வேறு சொல்லை வைக்கிறார். பத்துப் பேரும் "சுத்தமானார்கள்". ஒருவன் தான் "ஆரோக்கியமானதைக் கண்டு" திரும்பினான். அவனிடம் மட்டும் "இரட்சித்தது". ஒன்பது பேர் தோல் சுத்தமாகி, வீடும் வேலையும் கோயிலும் திரும்பக் கிடைத்துப் போனார்கள். ஒருவன் தந்தவரிடம் வந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்ற கேள்வியில் எனக்குக் கோபம் கேட்கவில்லை. பந்தியில் இலை போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரின் குரல்தான் கேட்கிறது.

இன்னொன்று. அவனை இயேசு "அந்நியன்" என்கிறார். "அல்லோகெனேஸ்" என்ற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. எருசலேம் தேவாலயத்தின் உள் சுவரில் பதித்திருந்த எச்சரிக்கைக் கல்லிலும் அதே சொல் இருந்தது: அந்நியன் எவனும் இதற்கு மேல் உள்ளே வரக்கூடாது, பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு. 1871-ல் எருசலேமில் கிடைத்த அந்தக் கல் இன்று இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆசாரியனைத் தேடி எருசலேமுக்குப் போயிருந்தாலும் சமாரியன் அந்தக் கல்லோடு நின்றிருக்க வேண்டும். அவன் பாதி வழியில் திரும்பி வந்து, இயேசுவின் பாதத்தருகே முகங்குப்புற விழுந்தான். அங்கே அவனை யாரும் தடுக்கவில்லை.